வாரிசுகள் எத்தனை பேர் என்ற கேள்வி

மெல்போர்னில் நாங்கள் இருக்கும் தெருவில் இருபத்தாறு வீடுகள். எங்களுக்கு நேர் எதிர்வீட்டில் மார்கரெட் என்ற அம்மாள் தனியாக இருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அந்த வீட்டு வாசலில் கூட்டம் கூடியது. குழந்தைகளைச் சேர்க்காமல் நாற்பத்து மூன்று பேர் எண்ணினேன். கோட்டுப் போட்ட ஒருவன் சுருட்டிய காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்று கூவினான். வீட்டை ஏலம் விடுகிறார்கள் என்று புரிந்தது. ஊரில் எங்கள் பக்கம் ஒரு வீடு ஏலத்துக்கு வந்தால் அந்தக் குடும்பம் முடிந்தது என்று பொருள். வங்கிக்காரர்கள் கதவில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், வீட்டுக்காரர் அதற்கு முன்பே ராத்திரியோடு ராத்திரியாக வெளியூர் போயிருப்பார். வேடிக்கை பார்ப்பவர்கள்கூடத் தங்கள் வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் நின்றுதான் பார்ப்பார்கள். இங்கே அந்த அம்மாள் வாசலிலேயே நிற்கிறார். மனது கேட்காமல், சட்டையை மாற்றிக்கொண்டு, கூட்டம் கலைந்ததும் தெருவைக் கடந்து போனேன். “ஐ ஆம் வெரி சாரி, மேடம். காட் இஸ் தேர்” என்றேன். அவர் ஒரு கணம் முழித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “சாரி? நோ, நோ! வொண்டர்ஃபுல் டே!” என்று சிரித்தார். அவருடைய இன்னொரு கையில் ஒயின் கிளாஸ் இருந்தது.

இந்த ஊரில் நல்ல வீட்டைத்தான் இப்படி விற்பார்கள், போட்டி போட்டு வாங்குவது வீட்டுக்கு மரியாதை என்று என் மகன் பிறகு விளக்கினான். நான் துக்கம் விசாரிக்கப் போனதை மருமகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சிரிக்கட்டும். ஆனால் அன்று மார்கரெட் இன்னொன்றும் சொன்னார். கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறாராம். அவருடைய தங்கை வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி. “டு யூ ஹாவ் எ சிஸ்டர்?” என்று கேட்டார். “ஒன்” என்றேன். அதோடு விடைபெற்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே கோயிலுக்கு வருகிற நம் ஆட்களில் இதுவரை ஏழு பேர், ஊரில் இருக்கும் வீட்டை இங்கிருந்தபடியே எப்படி விற்பது என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் விற்று முடித்தவன் என்று அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறள்கிறது. சொல்லும்போது ஒரு விஷயத்தை மட்டும் ஏழு பேரிடமும் விழுங்கிவிட்டேன். அதையும் சேர்த்து எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

நான் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தின் பேப்பர் குடோனில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன். வருகிற தாளை எண்ணி வாங்குவதும், மெஷினுக்கு எண்ணிக் கொடுப்பதும் என் வேலை. தாள் கட்டின் ஒரு முனையை விசிறிபோல் விரித்து, விரலால் ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணுவோம். ஐந்நூறு தாள் கட்டில் நான்கு குறைந்தாலும் கையில் எடுத்ததும் எனக்குத் தெரிந்துவிடும். சீசன் நேரத்தில் ஒரு லோடு இறங்கினால் முதலாளி லாரிக்காரரின் சீட்டைப் பார்க்க மாட்டார், என் முகத்தைத்தான் பார்ப்பார். அந்தப் பழக்கம் உடம்போடு வந்துவிட்டது. மாடிப்படி, தெருவிளக்கு, மாத்திரை, மருமகள் தோசைக் கல்லில் ஊற்றும் தோசை எல்லாவற்றையும் எண்ணுகிறேன். வேண்டும் என்று எண்ணுவதில்லை.

வீடு விற்பவர்களுக்கு முதலில் சொல்வது இது. மூலப்பத்திரம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். நகலை நம்பி விலை பேசாதீர்கள். முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். பட்டா இன்னும் இறந்துபோனவர் பெயரில் இருந்தால், வாங்குகிற ஆள் வருவதற்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். நாடா பிடித்து நான்கு பக்கமும் நீங்களே அளந்து பாருங்கள். எங்கள் வீட்டின் வடபக்கம் பத்திரத்தில் நாற்பத்திரண்டு அடி, தரையில் நாற்பத்தொன்றே முக்கால். அந்தக் கால் அடி எங்கே போனது என்று அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் பதினோரு வருடம் பேசாமல் இருந்தார்கள். இங்கிருந்து யாருக்காவது பவர் எழுதிக் கொடுப்பதானால், எல்லா அதிகாரமும் என்று மொத்தமாக எழுதாமல், இன்ன சொத்து, இன்ன வேலை, இத்தனை மாதம் என்று வரையறுத்து எழுதுங்கள்.

வாங்குபவர்களுக்கும் ஒன்று. சிவகாசி, நாரணாபுரம், வெம்பக்கோட்டைப் பக்கம் வீடு பார்க்கப் போனால், தண்ணீர் எப்படி என்று கேட்பதற்கு முன் ஜன்னல் கண்ணாடிகளைப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சரி. இரண்டு மூன்று மட்டும் வேறு பூப்போட்டதாக இருந்தால், ஒரு தடவை அதிர்ந்து உடைந்து மாற்றியிருக்கிறார்கள். எந்தப் பக்கத்து வெடிவிபத்தில் உடைந்தது, அந்தப் பட்டாசு மருந்துக் குடோன் இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். விற்பவர் சொல்ல மாட்டார். எங்கள் வீட்டில் தெற்குப் பக்கத்துக் கண்ணாடிகள் ஆறில் நான்கு வேறு மாதிரி. நானும் சொல்லவில்லை. வாங்கியவர் அவராகவே பார்த்துக் கேட்டார்.

அந்த வீடு நாரணாபுரத்தில் அப்பா கட்டியது. மூன்று அறை, ஒரு அடுப்படி, பின்னால் ஒரு கிணறு. அப்பா பட்டாசு ஆலையில் கூலிக்குப் போனவர். அவருடைய கூலியில் சாப்பாடு நடந்தது. சுவர் எழும்பியது என் தங்கை சண்முகத்தாயின் கூலியில். மூன்றாம் வகுப்போடு அவளை நிறுத்தி, தீப்பெட்டி ஆலைக்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் தீப்பெட்டி ஆபீசுக்கு, அனுப்பினார்கள். தீக்குச்சிகளை வரிவரியாகக் கட்டையில் அடுக்குகிற வேலை. விடியும் முன்னால் ஆலை வண்டி தெருமுனைக்கு வரும். தூக்குச்சட்டியோடு அவள் அதில் ஏறும்போது நான் பாயில் படுத்திருப்பேன். எனக்குப் பள்ளிக்கூடம் ஒன்பதரைக்குத்தான். ஒரு நாளைக்கு எத்தனை கட்டை அடுக்கினாள் என்று சாயங்காலம் என்னிடம் சொல்லுவாள், நான் சிலேட்டில் குறித்து வைப்பேன். வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்து, ஆபீசில் கொடுத்த கூலி சரியா என்று சொல்வது என் பொறுப்பு. நான் முதன்முதலில் எண்ணியது தாளை அல்ல, அவள் அடுக்கிய கட்டைகளை. ஒன்பது வருடம் அடுக்கினாள். பிறகு வெம்பக்கோட்டைக்கு அந்தப் பக்கம், மானாவாரி நிலம் வைத்திருந்த ஒரு குடும்பத்தில் கட்டிக் கொடுத்தோம். கல்யாணப் பத்திரிகையை நான் வேலை பார்த்த அச்சகத்திலேயே அடித்தேன். முந்நூறு.

அம்மா முதலில் போனார். பிறகு அப்பா. அப்பா போன ஆறாவது மாதம், பட்டா மாற்றுவதற்காக வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போட்டேன். மனுவில் ஒரு கட்டம்: வாரிசுகள் எத்தனை பேர். நான் ஒன்று என்று எழுதினேன். யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. அப்போது கம்பு அறுப்பு நேரம், அவளைக் கையெழுத்துக்கு அழைத்தால் இரண்டு நாள் வேலை கெடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு நகையும் பாத்திரமும் கொடுத்தாயிற்று, அதோடு கணக்கு முடிந்தது என்பதுதான் எங்கள் தெருவில் எல்லோருடைய எண்ணமும். என் எண்ணமும் அதுதான். “என்னைத் தவிர வேறு வாரிசுகள் இல்லை” என்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்த வருடம் பொங்கலுக்கு அவள் வந்தபோது, வழக்கம்போல் சேலை எடுத்துக் கொடுத்தேன். பட்டா மாறியதைச் சொன்னேன். “நல்லதுண்ணே” என்றாள். எப்படி மாறியது என்று அவள் கேட்கவில்லை.

என் மனைவி இறந்த பிறகு மகன் என்னை இங்கே அழைத்துக்கொண்டான். வீட்டுச் சாவியைச் சண்முகத்தாயிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் கணவரும் அதற்குள் காலமாகியிருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு பஸ் மாறி வந்து, வீட்டைத் திறந்து, பெருக்கி, விளக்கேற்றி, சாயங்காலம் பூட்டிவிட்டுப் போவாள். மூன்று வருடத்தில் நூற்றைம்பது வெள்ளிக்கிழமைக்குக் குறையாது. இங்கே மகன் வீடு வாங்க முன்பணம் சேர்த்துக்கொண்டிருந்தான். ஊர் வீட்டை விற்றால் அவனுக்குக் கைகொடுக்கும் என்று நானேதான் சொன்னேன். தங்கையிடம் போனில் சொன்னதும், “வித்துத்தான் ஆகணுமாண்ணே?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். ஆமாம் என்றேன். “சரி, பாக்க வாற ஆளுகளுக்கு நான் தெறந்து காட்டுதேன்” என்றாள்.

இங்கே வீட்டைப் பார்க்க ஆட்கள் வரும் நேரத்தில் வீட்டுக்காரர்கள் வெளியே போய்விட வேண்டும். குடும்பப் படங்களைக் கழற்றி வைக்க வேண்டும், முந்தின நாள் மீன் பொரிக்கக் கூடாது. இது இன்னொருவருடைய வீடு என்று வாங்குகிறவனுக்குத் தோன்றக் கூடாதாம். இதெல்லாம் ஏஜெண்ட் சொல்லும் விதி. ஊரில் என் தங்கை நேர்மாறாகச் செய்தாள். ஆட்கள் வரும் நாளில் காலை பஸ்ஸிலேயே வந்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, அப்பா படத்துக்குப் பூப்போட்டு, அடுப்பில் பால் வைத்துக் காப்பி போட்டு வைப்பாள். அடைத்துக் கிடந்த வீடு என்று யாரும் விலையைக் குறைத்துவிடக் கூடாது என்று அவளுக்குக் கவலை. பதினான்கு தடவை திறந்து காட்டியிருக்கிறாள். பதினான்காவது தடவை வந்தவர் சிவகாசியில் சின்னதாக ஆப்செட் மெஷின் வைத்திருப்பவர். புரோக்கரோடு, மனைவியையும் தன் வக்கீலையும் கூட்டி வந்திருந்தார். அன்று நடந்ததை என் தங்கை மகன் குருசாமி எனக்குப் பிறகு சொன்னான். அவன் ராஜபாளையத்தில் நூல் மில்லில் மேஸ்திரி. அன்று அம்மாவுக்குத் துணையாக வந்திருந்தான்.

புரோக்கர் காப்பியைக் குடித்துவிட்டு, “யம்மா, வீட்டக் கண்ணாடி மாதிரில்லா வச்சிருக்கீக. மாசம் எம்புட்டுக் குடுக்காரு அண்ணாச்சி?” என்று கேட்டிருக்கிறார்.

“ஏலே, ஆளப் பாத்துப் பேசு” என்றாளாம் சண்முகத்தாய். “நான் சம்பளத்துக்கு நிக்கேன்னு நெனச்சியா? நான் இந்த வீட்டுப் பொண்ணு. அந்தா நிக்கில்லா செவரு, அதுல பாதிச் செங்கலு என் கூலிலே வாங்குனது.”

வாங்க வந்தவரின் மனைவி சிரித்துக்கொண்டு, “அப்ப ஆத்தாகிட்டதான் வெல பேசணும் போல இருக்கே” என்றாராம். அவளும் சிரித்திருக்கிறாள். வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த காகிதங்களைப் புரட்டி, “நீங்க அவருக்குக் கூடப் பெறந்தவங்களா, சித்தப்பா பெரியப்பா பிள்ளையா?” என்று கேட்டார்.

“கூடப் பெறந்தவதான். ஒரே வயித்துல.”

“அப்பிடின்னா இந்தச் சான்றிதழ்ல உங்க பேரு இல்லையேம்மா. ஒரே வாரிசுன்னுல்ல இருக்கு.”

குருசாமி அந்தக் காகிதத்தை வாங்கி அம்மாவுக்குப் படித்துக் காட்டினான். அவள் மறுபடி ஒரு தடவை படிக்கச் சொன்னாளாம். பிறகு காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனவள், ஐந்து டம்ளரைக் கழுவ அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாளாம்.

மறுநாள் இங்கே மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

“அண்ணே, சாப்புட்டீகளா?”

“ஆச்சும்மா. ஆளுக வந்தாகளா? என்ன சொன்னாக?”

“அது கெடக்கட்டும். ஒண்ணு கேக்கணும். நம்ம அப்பாவுக்கு எத்தன பிள்ளைக?”

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும், “ரெண்டு” என்றேன்.

“காயிதத்துல ஒண்ணுன்னு போட்டிருக்கே.”

“அது வந்து சம்முவம், அந்தக் காலத்துல எல்லாரும் அப்பிடித்தான்…”

“எல்லாரையும் நான் கேக்கல. அந்தக் காயிதத்த எழுதுனது ஆரு?”

“நான்தான்.”

 போனில் அவள் பக்கம் ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது. நான் அவசர அவசரமாக, வேண்டுமானால் பாதியை எடுத்துக்கொள், மகனிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். வாழ்க்கையில் நான் பேசியதிலேயே கேவலமான பேச்சு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

“பாதி வேணும்னு நான் கேட்டனா?” என்றாள். குரல் உயரவில்லை. “நீங்க விக்கணும்னீக, நான் தெறந்து காட்டுனேன். எங்க கையெழுத்துப் போடணும்னாலும் போட்டுருவேன். வக்கீலு சொல்லுதாரு, விட்டுக் குடுத்ததா எழுதிக் குடுக்கணுமாம். எம்பேரே அதுல இல்ல. இல்லாதத எப்பிடிண்ணே விட்டுக் குடுக்கது? மொதல்ல எம்பேர ஏத்துங்க. ஏறுன பொறவு நான் எழுதித் தாறேன். காலணா வேண்டாம்.”

பத்து நாளில் ஊருக்குப் போனேன். தாலுகா ஆபீசுக்கு மட்டும் ஒன்பது தடவை நடந்தேன். பழைய சான்றிதழை ரத்து செய்து புதிது வாங்குவது, புதிதாக ஒன்று வாங்குவதைவிடக் கடினம். உங்களுக்குச் சொல்கிறேன், பிறந்த பிள்ளைகள் எத்தனையோ அத்தனை பெயரையும் முதல் தடவையே எழுதிவிடுங்கள், கட்டிக்கொடுத்தவர், கோபித்துக்கொண்டு போனவர், இறந்துபோனவர், எல்லோரையும். விடுபட்டவர் தன்னை நிரூபிக்க வேண்டிய நிலைக்கு ஆளாக்காதீர்கள். எழுபது வயதுக்காரி, தான் தன் அப்பாவுக்குப் பிறந்தவள்தான் என்று விசாரணையில் நின்று சொல்ல வேண்டியிருந்தது. பிறப்புச் சான்று அவளுக்கு இல்லை. பள்ளிக்கூடச் சான்று இல்லை. தீப்பெட்டி ஆபீசும் மூடி வருடக்கணக்காகிறது. பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள். வேறு ஏதாவது எழுத்தில் இருக்கிறதா என்று விசாரிக்க வந்த அதிகாரி கேட்டபோது, அவள் ஒரு மஞ்சள் பையிலிருந்து தன் கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினாள். நான் அடித்த முந்நூறில் ஒன்று. “எனது ஏக புத்திரி” என்று அப்பா பெயரில் நான் எழுதிக் கொடுத்த வாசகம் அதில் இருந்தது.

அதிகாரி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “இது யார் அச்சடிச்சது?”

“அண்ணன்தான்யா” என்றாள் அவள். “அச்சடிக்கயில நான் இருந்திருக்கேன். எழுதயிலதான் இல்ல.”

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

ஐந்து வாரத்தில் புதிய சான்றிதழ் வந்தது. வாரிசுகள் இரண்டு என்று இருந்தது. அவளிடம் கொடுத்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். விரலை வைத்து, அப்பா பெயர், என் பெயர், பிறகு தன் பெயர் என்று மெதுவாக வந்தாள். தன் பெயரில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. ‘மகள்’ என்பதை மட்டும் வாய்விட்டுப் படித்தாள். அதை மடித்து எனக்குத் திருப்பித் தரும்போது, “சரியா இருக்கு” என்றாள்.

அடுத்த வாரம் பத்திர ஆபீசில், அவள் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். அவளுக்குப் போட்டோ எடுத்தார்கள், விரல் ரேகை எடுத்தார்கள். தீக்குச்சியும் களையும் தேய்த்த விரல்களில் ரேகை சரியாக விழவில்லை. நான்காவது தடவைதான் மெஷின் ஒத்துக்கொண்டது. யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, சம்மதத்தோடுதானே எழுதிக் கொடுக்கிறீர்கள் என்று பதிவாளர் கேட்டார். “சம்மதந்தான்யா” என்றாள். பணம் ஏதும் வாங்கினீர்களா என்றதற்கு, “ஒண்ணும் வாங்கல” என்றாள். இவ்வளவுக்கும் மொத்தம் பதினேழு நிமிடம்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் இருக்கிறது. கூடப் பிறந்தவள் சொத்தில் கையெழுத்துப் போட்டால், அண்ணன் தம்பி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பூவோடு ஒரு பட்டுச்சேலை வைத்துக் கொடுக்க வேண்டும். முந்தின நாளே எடுத்து வைத்திருந்தேன். அரக்குக் கலர், அவளுக்குப் பிடித்தது. ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் நீட்டினேன். அவள் வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

“சேலைய மருமகளுக்குக் கொண்டு போங்கண்ணே. ஒரு சேலைக்குக் கையெழுத்துப் போட்டான்னு எவளும் சொல்லிரக் கூடாது.”

“அப்பிடி ஆரு சொல்லப் போறா? வீட்டுக்கு வா, சாப்புட்டுட்டுப் போலாம். நாளைக்கழிச்சு அவுக கைக்குப் போயிரும்.”

“ஆரு வீட்டுக்கு?” என்றாள். “இப்பத்தான உள்ள வச்சு எழுதிக் குடுத்துட்டு வாறேன்.”

முந்தானை முடிச்சை அவிழ்த்து வீட்டுச் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். குருசாமி ஆட்டோ பிடிக்கிறேன் என்றான். வேண்டாம் என்று பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். அவள் என்னிடம் சண்டை போட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். எதற்கும் இடம் வைக்கவில்லை. அவள் தரவேண்டியது எல்லாவற்றையும் கொடுத்து முடித்துவிட்டாள்.  மூன்றாம் நாள் வீட்டை ஒப்படைத்தேன். வாங்கியவரின் மனைவி, “ஆத்தா வரலையா? பால் காய்ச்சுத அன்னைக்குக் கண்டிப்பா வரச் சொல்லுங்க, இந்த வீட்டுப் பொண்ணுல்லா” என்றார். சொல்கிறேன் என்றேன்.

திரும்பி வந்து ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. போன் செய்தால் மணி அடிக்கும். சில தடவை குருசாமியின் மனைவி எடுப்பாள். “அத்த குளிக்காக மாமா”, “அத்த கோயிலுக்குப் போயிருக்காக மாமா”, “இப்பத்தான் கண்ணசந்தாக.” இதுவரை முப்பத்தொரு தடவை கூப்பிட்டிருக்கிறேன். அவள் நலமாக இருக்கிறாள் என்பது மட்டும் தெரியும். பொங்கலுக்குப் பணம் அனுப்பினேன். குருசாமி, அம்மா வேண்டாம் என்கிறார்கள் என்று அதே நாளில் திருப்பி அனுப்பிவிட்டான்.

போன வாரம் என் நிரந்தர விசாவுக்காக மகன் கம்ப்யூட்டரில் படிவம் நிரப்பினான். நாற்பத்தேழு பக்கம். ஒரு பக்கத்தில், உயிரோடு இருக்கும் உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர், பெயர், பிறந்த தேதி, முகவரி என்று கேட்டிருந்தார்கள். மகன் திரும்பிப் பார்த்து, “அத்தை பேரைப் போடணுமாப்பா? கட்டாயமில்லைன்னு நினைக்கிறேன்” என்றான். போடு என்று நான் போட்ட சத்தத்தில் மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். முழுப் பெயரை நானே எழுத்துக்கூட்டிச் சொன்னேன். பிறந்த தேதி யாருக்கும் தெரியாது, புதுச் சான்றிதழில் இருந்த வயதை வைத்து வருடத்தை மட்டும் கணக்கிட்டுப் போட்டோம். முகவரியில் நின்றுவிட்டேன். விற்றுப்போன வீட்டின் சர்வே எண், நான்கு எல்லை, கதவு எண் எல்லாம் மனப்பாடமாக இருக்கிறது. அவள் வெம்பக்கோட்டைப் பக்கத்து வீட்டைப் பூட்டிவிட்டு ராஜபாளையத்தில் இருக்கும் மகனோடு போய்விட்டாள் என்பது தெரியும். எந்தத் தெரு, எந்த எண் என்பது தெரியாது. எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த பக்கத்தில் இன்னொரு கேள்வி. சொந்த நாட்டில் உங்கள் நிரந்தர முகவரி. “பழைய வீட்டைப் போட்டுடலாம்பா, யார் பார்க்கப் போறாங்க” என்றான் மகன். அது பொய்க்குப் போடுகிற கையெழுத்து, ஒரு தடவை போட்டது போதும் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. குருசாமிக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, ஊரில் காலை நேரம். அவனே எடுத்தான். முகவரி வேண்டும் என்று விவரம் சொன்னேன். கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரை சொன்னான், எழுதிக்கொண்டேன். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அடுப்படிக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறான் என்று தெரிந்தது.

“ஆருடா?” என்றது என் தங்கையின் குரல். பதினான்கு மாதத்துக்குப் பிறகு கேட்கிறேன்.

“மாமா. விசா பாரத்துல உங்க பேரப் போடுதாகளாம். அட்ரஸ் கேக்காக.”

பாத்திரச் சத்தம் நின்றது. நான் மெதுவாகக் குருசாமியிடம், “மாப்ள, எனக்கும் ஊர்ல ஒரு அட்ரஸ் கேக்கான். உங்க வீட்டு அட்ரஸையே போட்டுக்கிடவான்னு அம்மாகிட்டக் கேளு. மாட்டேன்னா வேண்டாம்” என்றேன். அவன் போனைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னான்.  காத்திருந்த நேரத்தை நான் எண்ணவில்லை. பிறகு அவள் குரல், எனக்குக் கேட்க வேண்டும் என்றே கொஞ்சம் உரக்க வந்தது.

“இந்தத் தடவையாச்சும் கேட்டுப் போடுதாகளே. போட்டுக்கிடச் சொல்லு.”

“அம்மாட்டக் குடு மாப்ள, ஒரு வார்த்த” என்றேன்.

“கையெல்லாம் மாவா இருக்காம் மாமா” என்றான் குருசாமி.

படிவத்தின் அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதி, அதற்குக் கீழே, கேர் ஆஃப் சண்முகத்தாய் என்று போடச் சொன்னேன். மகன் அடித்து முடித்துத் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான். எனக்கு இப்போது இந்தியாவில் இருப்பது அந்த ஒரு முகவரிதான். அந்த வீடு கிழக்குப் பார்த்ததா தெற்குப் பார்த்ததா, வாசலில் எத்தனை படி என்று எதுவும் எனக்குத் தெரியாது.